ச்சீ அக்காவுக்கு மலையில் ஒரு கட்டில்

சலவை ஆலையில் அவளுக்குப் பெயர் ச்சீ அக்கா. பெயர் வைத்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அழுக்கு மேசையில் ஒவ்வொரு மூட்டையை அவிழ்க்கும்போதும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். முதலாளி பக்கத்தில் நின்றாலும் ச்சீ, மழை பெய்தாலும் ச்சீ. புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறாள் என்று முதல் நாள் முகம் வாடிப்போவார்கள். மறுநாள் ஒரு மூட்டையைத் தாங்களே அவிழ்த்துப் பார்த்துவிட்டு அவர்களும் ச்சீ என்பார்கள்.

சுற்று வட்டாரத்து லாட்ஜுகள், ஓட்டல்கள், மலை மேலிருக்கும் விடுதிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் லாரியில் அங்கேதான் வந்து இறங்கும். எண்ணெய்க் கறை ஒரு கூடை, ரத்தக் கறை ஒரு கூடை, தலைச்சாயம் ஒரு கூடை என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. கால் நூற்றாண்டாக அதையே செய்ததில், மனிதர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அவளுக்குப் போய்விட்டது. கோட்டும் டையுமாக வந்து இறங்குகிறவன் தலையணை உறையில் ஷூவைத் துடைக்கிறான். தேனிலவுக்கு வந்த ஜோடி குழம்புக் கையை விரிப்பின் அடிப்பக்கம் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல மடித்து வைத்துவிட்டுப் போகிறது. மூக்கைச் சிந்தத் திரைச்சீலை, காதைக் குடைந்து துடைக்க மேசைத்துணி. வாடகை ஏற ஏற அசிங்கமும் ஏறும் என்பது அவள் கண்ட உண்மை.

"இவன் வீட்ல இப்படிச் செய்வானா? காசு குடுத்துட்டோம்ல, என்ன வேணா பண்ணலாம்னு நெனப்பு," என்பாள், மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் தோழியிடம்.

"துவைச்சா எல்லாம் போயிடும்க்கா. நீ ஏன் வயித்தெரிச்சல் படுற," என்பாள் எதிர்மேசைக்காரி.

"போயிடும். போகாம எங்க போகும்," என்று இவளும் ஒத்துக்கொள்வாள். துவைத்தால் சுத்தம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த நம்பிக்கை இல்லாமல் அந்த மேசையில் ஒரு நாள்கூட நிற்க முடியாது.

இன்னொரு வேலையும் அவள் பொறுப்பில் இருந்தது. எந்த விரிப்பு எந்த லாட்ஜுடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நிறத்தில் நூல் தைத்திருக்கும். யாருக்கு எந்த நிறம் என்று முடிவு செய்வதும், முதல் தையல் போடுவதும் அவள்தான். இரண்டாம் ஷிப்ட்காரர்கள் நூலைப் பார்ப்பதே இல்லை, எந்த மூட்டையில் வந்ததோ அதே மூட்டையில் கட்டித் தள்ளிவிடுகிறார்கள் என்பது அவளுடைய நெடுநாள் புகார். முதலாளி அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை.

ஆலைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்தச் சோப்பு வாசனையைப் பற்றித்தான். வாசலைத் தாண்டும்போதே முகத்தில் வந்து அடிக்குமாம். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள்கூட, "என்ன சோப்புங்க போடுறீங்க, கமகமன்னு இருக்கே," என்று கேட்பார்கள். ச்சீ அக்காவுக்கு அந்த வாசனை தெரிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அழுக்கு எந்த மூலையில் இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடும் அந்த மூக்கு, சோப்பை மட்டும் தள்ளிவைத்துவிட்டது.

இப்படிப்பட்டவள் வீட்டில் எங்கே தூங்கினாள் என்றால், தங்கை வீட்டுக் கூடத்தில். குடித்துவிட்டு வந்து செருப்போடு படுக்கையில் விழுகிற புருஷனை விட்டு வந்தபோது, தனியாக ஒரு பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள் என்று சொல்லி அண்ணன்தான் அவளைத் தங்கையிடம் கொண்டுவந்து விட்டான். கூடத்துக் கட்டில் ராத்திரிதான் அவளுடையது. பகலில் அது சோபா. பிள்ளைகள் பள்ளிக்கூட ஷூவோடு ஏறிக் குதிக்கும். வருகிறவர் போகிறவர் எல்லாம் உட்கார்ந்து டீ சிந்துவார்கள். மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருக்கும் தங்கை புருஷன் ஞாயிற்றுக்கிழமையானால் அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார். வெட்டிய நகம் பறந்து எங்கே விழுந்தது என்று அவர் ஒருநாளும் தேடியதில்லை. ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன்னால் அவள் தேடுவாள்.

சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை இருந்தது. அதில் மாப்பிள்ளையின் இருமல் மருந்துப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும், பாதி காலாவதியானவை. அதைக் கொடுங்கள் என்று அவள் ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்டதில்லை. வந்த இடத்தில் இடம் கேட்பதா என்ற கூச்சம். சம்பளத்தில் பெரும்பகுதியைத் தங்கை கையில் கொடுத்துக்கொண்டு, வந்த இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் பாருங்கள், அவ்வளவு நல்லவள்.

மலை யோசனையைக் கிளப்பியது அண்ணன். அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். வண்டி ஓட்டத் தெரியாதவனைக்கூட உனக்கு ஓட்டத் தெரியும் என்று நம்பவைத்துவிடுகிற வாய். ஒரு ஞாயிறு எல்லோரையும் தன் ஆபீசுக்கு வரச் சொன்னான். அண்ணி டீயும் பிஸ்கட்டும் வைத்தாள். சுவரில் வண்டி நிறுத்தப் பழக்கும் இரும்புப் பலகை தொங்கியது. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, காந்தம் ஒட்டிய சின்னச் சின்ன பொம்மைக் கார்களை அதில் நகர்த்திக் காட்டுவான். அன்றைக்குப் பன்னிரண்டு கட்டங்களிலும் மாதங்களின் பெயரை எழுதி வைத்திருந்தான்.

"சீசனுக்குப் போனா என்ன ஆகுது? கூட்டம். கொள்ளை விலை. கண்டவன் படுத்த கட்டில்ல நாம படுக்கணும்," என்றான். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் பார்வை ச்சீ அக்கா பக்கம்தான் போனது. "மலையில ஒரு சின்ன ஊர்ல மூணு ரூமோட ஒரு வீடு வருஷ வாடகைக்கு வருது. மூணு பேரும் பங்கு போட்டு எடுத்துக்குவோம். வருஷம் பூரா நம்ம வீடு. நினைச்சா போகலாம், நினைச்சா வரலாம்."

சிவப்புக் கார் அண்ணனுக்கு, நீலக் கார் தங்கைக்கு, வெள்ளைக் கார் இவளுக்கு. கார்கள் நகர ஆரம்பித்ததும் பாசமெல்லாம் பறந்துவிட்டது. பள்ளி விடுமுறை மாதத்துக்கு அண்ணியும் தங்கையும் மல்லுக்கட்டினார்கள். பூப்பூக்கும் மாதம் அண்ணனுக்கு, வெயில் மாதம் அண்ணனுக்கு, வருஷக் கடைசி தங்கைக்கு. அடைமழை மாதமும், பனி கொட்டி ஒருவரும் எட்டிப் பார்க்காத மாதமும்தான் மிச்சம். வெள்ளைக் கார் அங்கே போய் நின்றது.

ச்சீ அக்கா சண்டை போடவில்லை. "மாசம் எது வேணா குடுங்க. ஆனா பின்பக்கம் ஒரு சின்ன ரூம் இருக்குன்னீங்கல்ல, அது வருஷம் பூரா என்னுது. நான் இல்லாதப்பவும் பூட்டியே இருக்கணும். அந்தக் கட்டில்ல என்னைத் தவிர யாரும் படுக்கக் கூடாது."

"ஏம்மா, நாங்க என்ன சொறி பிடிச்சவங்களா?" என்று அண்ணன் சிரித்தான். மாப்பிள்ளை இன்னும் பலமாகச் சிரித்து, பிஸ்கட் கையைச் சோபாவில் துடைத்துக்கொண்டார். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? சரின்னா சரின்னு சொல்லுங்க. நான் பங்கு போடுறேன்."

"பாவம், அவளுக்குன்னு ஒரு இடம் வேணாமா. குடுங்க," என்றாள் அண்ணி. அந்த ஒரு வார்த்தைக்கு ச்சீ அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே அறைக்கு மூன்றில் ஒரு பங்கு அவள் கொடுக்கிறாள் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை. பூட்டு அவளே வாங்கினாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சாவியை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டான்.

அந்த வாரமே கடைக்குப் போய் இரண்டு வெள்ளை விரிப்புகள் எடுத்தாள். ஓட்டல்காரர்கள் வாங்குகிற மெல்லிசுச் சரக்கு இல்லை, கையில் எடுத்தால் கனக்கிற துணி. ஊதா நூலையும் மஞ்சள் நூலையும் ஒன்றாக முறுக்கி மூலையில் தைத்தாள். எந்த லாட்ஜுக்கும் அவள் கொடுக்காத ஜோடி அது. யாருக்கு அடையாளம் காட்ட என்று எதிர்மேசைக்காரி கேட்டதற்கு, "எனக்குத்தான். என் பெட்ஷீட் என்னுதுன்னு தெரிய வேணாமா?" என்றாள்.

அடைமழையில் முதல் தடவை போனாள். அழகான ஊர் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வளைவுக்கு வளைவு பேருந்து ஜன்னல்களில் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார்கள். இறங்கினால் சேறு, நனைந்த நாய்கள், குதிரைச் சாணம், வாய்க்காலில் அடைத்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தட்டுகள். டீயில் புகை வாசனை. நடந்து வருவதற்குள் காலில் அட்டை. ச்சீ ச்சீ என்று சொல்லிக்கொண்டேதான் வீட்டு வாசலை மிதித்தாள். அவளுடைய அறை பெரிய ஓட்டல்களின் குளியலறை அளவுகூட இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மேட்டு விடுதியின் தண்ணீர்த் தொட்டியும், அதற்குப் பின்னால் கொஞ்சம் மலையும் தெரிந்தன.

கதவைத் தாழிட்டாள். கட்டிலைத் துடைத்து, கொண்டுபோயிருந்த விரிப்பைத் தட்டி விரித்து, நடுவில் மல்லாந்து படுத்தாள். நகம் இல்லை. பிஸ்கட் தூள் இல்லை. யாரும் வந்து, கொஞ்சம் நகர்ந்துக்கோ என்று சொல்லவில்லை. தனியாகப் படுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நான்கைந்து நாளும் அவள் ஊரைச் சுற்றிப் பார்க்கவே இல்லை, தூங்கினாள். கிளம்பும்போது ஒரு விரிப்பைக் கட்டிலில் இழுத்துக் கட்டி, இன்னொன்றை அலமாரியில் வைத்து, அறையைப் பூட்டிவிட்டு இறங்கினாள்.

பனி மாதத்தில் மறுபடி போனபோது அறை அவள் விட்டுப் போனதைவிடச் சுத்தமாக இருந்தது. விரிப்பில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் டீயை வாசற்படியிலேயே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "ரூமு வாசனையா இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"மலைன்னா வாசனையாத்தானே இருக்கும்," என்றாள் அவள். அவளுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. மலைக்காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"வருஷம் பூரா ஆளுங்க வந்துக்கிட்டேதான்மா இருக்காங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஊரைச் சொல்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

யார் இந்த வேலையைச் செய்திருப்பார்கள்? அண்ணிதான். பூ மாதத்தில் வந்தபோது அறையைத் திறந்து, துவைத்து, இஸ்திரி போட்டு விரித்துவிட்டுப் போயிருக்கிறாள். தன் படுக்கையைத் தனக்காக இன்னொருவர் துவைத்து வைத்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அங்கிருந்தே போன் போட்டாள்.

"பெட்ஷீட்டெல்லாம் துவைச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்கீங்களே அண்ணி. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணி, "அதெல்லாம் பெரிய விஷயமா? நல்லாத் தூங்கும்மா," என்றாள்.

தூங்கினாள். ஒரே ஒரு குறை. தலைமாட்டில் லேசாக ஒரு பழுப்பு நிழல். துவைத்தும் போகாத எண்ணெய்க் கறை. இத்தனை வருஷம் ஊரார் கறையைப் பார்த்து ச்சீ என்றவளுக்கு, தன் தலையெண்ணெயே தன் விரிப்பைக் கெடுத்துவிட்டதே என்று உடம்பெல்லாம் கூசியது. அண்ணி இதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருப்பாள், என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் என்று வெட்கப்பட்டாள். அன்றோடு தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில் முடி காய்ந்து பரட்டையாகிவிட்டது. தங்கைகூட, "ஏன்க்கா, சாமியாராப் போகப் போறியா?" என்று கேலி செய்தாள்.

வழியில் ஒரு தடவை டிரைவிங் ஸ்கூலுக்குள் எட்டிப் பார்த்தபோது, பலகையில் சிவப்பு, நீலம், வெள்ளை போக இன்னொரு கார் கண்ணில் பட்டது. மஞ்சள் நிறம், மற்றவற்றைவிடச் சின்னது. யாரும் போய்த் தங்காத ஒரு மாதத்தின் கட்டத்தில் நின்றது. "அது என்னண்ணா?" என்று கேட்டாள்.

"அது பசங்களுக்கு ரிவர்ஸ் சொல்லிக் குடுக்குறது," என்றான் அண்ணன்.

வாடகை வருஷம் முடியப்போகிற சமயத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தது. எப்போதும் மதியத்துக்கு மேல், அவள் கிளம்பிப் போனபின் இரண்டாம் ஷிப்டில் வருகிற மலை லாரி, பாதையைத் திறந்து விட்டதும் அன்றைக்குக் காலையிலேயே வந்து நின்றது. மேட்டு விடுதியின் மூட்டையை எதிர்மேசைக்காரி அவிழ்த்தாள்.

"யக்கா, இது எந்த லாட்ஜ் நூலு? புதுசா இருக்கே. கனமான துணியா வேற இருக்கு." சொல்லிக்கொண்டே விரிப்பை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளினாள்.

ச்சீ அக்கா மூலையைப் பிடித்துப் பார்த்தாள். ஊதாவும் மஞ்சளும் முறுக்கிய நூல். அவள் போட்ட தையல். அவள் போட்ட முடிச்சு.

கை தன் பழக்கத்தில் விரிப்பைப் பிரித்துப் போட்டது. தலைமாட்டில் தலைச்சாயம், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக. அதைச் சுற்றி எண்ணெய்ப் பழுப்பு. நடுவில் குழம்பு துடைத்த விரல்கள். கால்மாட்டில், மலை ஏறிக் குதிகால் புண்ணான யாரோ ஒட்டியிருந்த பிளாஸ்திரி சீழோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சாயம் பூசிய ஒரு கிழட்டு ஆம்பிளை குறட்டை விட்டுக்கொண்டு தன் கட்டிலில் மல்லாந்து கிடப்பது அவள் கண் முன்னால் வந்தது. அவன் ஒருவன் மட்டும் இல்லை, பனி மாதத்துப் பழுப்பு நிழல் வேறு எவனோ ஒருவனுடையது. அதன் மேல்தான் அவள் கன்னத்தை வைத்துத் தூங்கியிருக்கிறாள். கை தானாகத் தலைக்குப் போய் காய்ந்த முடியைத் தொட்டது.

அன்றைக்கு அவள் ச்சீ என்று சொல்லவில்லை. எதிர்மேசைக்காரிக்கு அதுதான் பயமாக இருந்தது. "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றாள். ச்சீ அக்கா தொட்டி ஓரம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். பிறகு லாரி டிரைவரிடம் போனாள்.

"மேட்டு விடுதி மூட்டைதாங்க," என்றான் அவன். "பக்கத்து வீட்டுத் துணியையும் அதுலயே போட்டு விடுவாங்க. பின்னாடி ஒரு ரூமை ஒத்தை ஆளுங்களுக்கு விடுறாங்கல்ல, அதோடது. வருஷம் பூரா ஓடுதுங்க அது."

அந்த விரிப்பை அவள் எந்தக் கூடையிலும் போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டித் திணித்து, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மிச்ச வேலையை முடித்தாள். நல்லவேளையோ கெட்ட வேளையோ, அன்று சாயங்காலம்தான் அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போட அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டிருந்தான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பலகை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. "வா வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். இந்த வருஷம் எல்லாருக்கும் பங்கு குறையுது, அண்ணன் பேசி வச்சிருக்கேன்," என்றான் அண்ணன், தன்னைத் தானே மெச்சிக்கொண்டு.

அவள் பையிலிருந்து விரிப்பை உருவி எடுத்து அந்த நீளச் சோபாவின் மேல் விரித்தாள். வேலையில் விரிப்பது போலவே, சுருக்கமில்லாமல், மூலை இழுத்து.

"என்னது இது? எடும்மா முதல்ல, குமட்டுது," என்று அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"படுங்கண்ணா," என்றாள் ச்சீ அக்கா.

"என்ன விளையாட்டு இது? எவன் துணியையோ தூக்கிட்டு வந்து..."

அவள் மூலையைத் தூக்கி நூலைக் காட்டினாள். அண்ணன் நூலைப் பார்த்தான், பிறகு பலகையைப் பார்த்தான். அவன் கண் போன இடத்திலேயே அவள் கண்ணும் போனது. பலகையின் அடியில் கார்கள் வரிசையாக நின்றன. சிவப்பு, நீலம், வெள்ளை, கடைசியில் அந்தச் சின்ன மஞ்சள். அந்த மஞ்சள் யாருக்கு என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். வாய்க்காரன் அல்லவா. "இங்க பாரும்மா, வருஷத்துல நீ அங்க இருக்குறதே கொஞ்ச நாளு. சும்மா பூட்டிக் கிடக்குற ரூம். வீட்டுக்குத்தானே வருமானம் பண்ணினேன், நான் என்ன மூட்டை கட்டிக்கிட்டா போனேன்? அதுவும் துவைக்காமயா போட்டோம்? உங்க ஆலையிலதான் துவைச்சோம். அதைவிடச் சுத்தம் எங்க கிடைக்கும்? துவைச்சா எல்லாம் போயிடும்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவ?"

உங்க ஆலை என்றதும்தான் காவல்காரர் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. ரூமு வாசனையா இருக்குதாம்மா? ஊரே மூக்கை உறிஞ்சிப் பாராட்டும் அந்தச் சோப்பு. மலைக்காற்று என்று நினைத்து அதைத்தான் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். யாருக்காவது தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"ஆமாண்ணா, போயிடும்," என்றாள். "அதான் சொல்றேன், படுங்க. படுத்து எந்திரிங்க, நான் துவைச்சுத் தர்றேன். உங்களையும் சேத்துத் துவைச்சுக்கலாம்."

"அக்கா, விடுங்க," என்று மாப்பிள்ளை எழுந்தார். "மச்சான் எல்லாருக்கும் சேத்து நல்லதுக்குத்தான்..."

"உங்களுக்கும் தெரியுமா மாப்பிள்ளை?"

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை தன் வளையலை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஆக, இருந்த ஐந்து பேரில் தெரியாதது ஒருத்திக்குத்தான்.

"குமட்டுதுன்னீங்களே அண்ணி," என்றாள். "எனக்கும் இன்னிக்குக் குமட்டிச்சு. ஆனா பனி மாசத்துல நான் அது மேல படுத்துக்கிட்டு உங்களுக்கு போன் போட்டேன். நன்றி சொன்னேன். நீங்களும் வாங்கி வச்சுக்கிட்டீங்க. நல்லாத் தூங்கும்மான்னு வேற சொன்னீங்க."

அண்ணி முந்தானையை எடுக்கவில்லை. இப்போது அது மூக்கை மட்டுமில்லாமல் முகத்தையே மூடியிருந்தது.

"கண்டவன் படுத்த கட்டில்ல நாம படுக்கக் கூடாதுன்னு இதே இடத்துல உக்காந்து நீங்கதான் சொன்னீங்க," என்று அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள். "நாமன்னீங்க. நானும் அதுல ஒருத்தின்னு நெனச்சுட்டேன்."

அவள் சோபாவைக் காட்டிக்கொண்டே நின்றாள். படுக்க வேண்டாம், விளிம்பில் உட்கார்ந்திருந்தால்கூட அவள் ஒருவேளை மனசு இளகியிருப்பாள். அவன் உட்காரவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினான்.

"நாளைக்கே அந்த ரூமைப் பூட்டச் சொல்லிடுறேன். உனக்கே உனக்குன்னு வச்சுக்கோ," என்றான் கடைசியில்.

"வேணாம்ணா. நூறு தடவை துவைச்சாலும் இனி அந்தக் கட்டில்ல எனக்குத் தூக்கம் வராது."

பலகையின் அடியிலிருந்து வெள்ளைக் காரை மட்டும் பிடுங்கி எடுத்து பைக்குள் போட்டுக்கொண்டாள். விரிப்பை எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு அழுக்கு விரிப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவள் நடந்தது அதுதான் முதல் தடவை. அதை யார் கையால் எடுப்பது என்று அண்ணனும் அண்ணியும் பேசத் தொடங்கியது படியிறங்கும்போது காதில் விழுந்தது.

வழியில் ஒரு பாயும் தலையணையும், மலிவாக ஒரு பூப்போட்ட விரிப்பும் வாங்கினாள். தங்கையும் மாப்பிள்ளையும் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் டியூஷனில் இருந்தார்கள். சாமான் அறையைத் திறந்து இருமல் மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்துக் கட்டில் மேல் அடுக்கினாள். கட்டில் கொள்ளாத அளவு ஆனதும் அதன் முன்னால் தரையில் அடுக்கினாள். ஏன் இந்த வேலையை இத்தனை வருஷம் செய்யாமல் இருந்தோம் என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. அறையில் ஜன்னல் இல்லை. மூலையில் ஒரு செத்த பல்லி, உடைந்த சீசாவிலிருந்து ஒழுகிக் காய்ந்துபோன மருந்து, கரப்பான் எச்சம். ச்சீ, ச்சீ என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் கழுவித் துடைத்தாள். ச்சீ சொல்ல வந்ததில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

புதுத்துணியைத் துவைக்காமல் விரிக்கக் கூடாது என்பது அவள் ஆலையில் எல்லோருக்கும் சொல்லும் விதி. கடையில் எத்தனை கை பட்டிருக்குமோ. இன்றைக்கு விதியாவது ஒன்றாவது என்று அப்படியே உதறி விரித்தாள். பிறகு தலைமாட்டில் உட்கார்ந்து, வெகு நாளைக்கு அப்புறம், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். உச்சந்தலை குளிரும்வரை வைத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடத்தில் விளக்குப் போட்டார்கள்.

"என்னது இது, கட்டில் பூரா பெட்டி?" என்றார் மாப்பிள்ளை. "நான் எங்க உக்கார்றது?"

அவள் எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"அக்கா," என்றாள் தங்கை, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, மெதுவாக. "அக்கா, அங்க காத்து வராதுக்கா. வெளியில வா, பேசிக்கலாம்."

"காத்து வேணாம். நாளையிலருந்து சம்பளத்துல பாதிதான் தருவேன். இது என் ரூம். பெட்டியை எங்க வைக்கிறதுன்னு மாப்பிள்ளையைப் பாத்துக்கச் சொல்லு."

கூடத்தில் இரண்டு பேரும் என்னவோ கிசுகிசுத்தார்கள். பெட்டி ஒன்று நகரும் சத்தம், உள்ளே சீசாக்கள் மோதும் சத்தம். "சும்மா இருங்க, அவ காதுல விழப்போகுது," என்று தங்கை அதட்டினாள். இருமல் மருந்து நாற்றம் இன்னும் போகவில்லை. அவள் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய்த் தலையோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.